வார்னிங் வந்தபின் கூட்டத்தை நகர்த்தினால் நேரம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் நவம்பர் மாதம் வரும் டொர்னேடோக்கள் (இடிமேகத்திலிருந்து தரையைத் தொடும் சுழல்காற்றுகள்) பற்றிய கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். ‘டொர்னேடோ வாட்ச்’, ‘டொர்னேடோ வார்னிங்’ இரண்டையும் அதில் ‘எச்சரிக்கை’ என்றே எழுதியிருக்கிறீர்கள். பெரிய விளையாட்டு அரங்குகளின் பாதுகாப்புத் திட்டம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வாட்ச் என்றால் டொர்னேடோ உருவாகத் தோதான சூழல் இருக்கிறது என்று பொருள். ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மனில் உள்ள புயல் கணிப்பு மையம் அதை வெளியிடும். பல மாவட்டங்களுக்குச் சேர்த்து, பல மணி நேரத்துக்குச் செல்லும். வார்னிங் என்பது ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது, அல்லது யாராவது கண்ணால் பார்த்துவிட்டார்கள் என்பதற்கான அறிவிப்பு. உள்ளூர் வானிலை அலுவலகம், வரைபடத்தில் ஒரு சிறு பலகோணம் வரைந்து அந்தப் பகுதிக்கு மட்டும் அதை வெளியிடும். 2007 அக்டோபர் முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. வாட்சை ‘முன்னறிவிப்பு’ என்றும் வார்னிங்கை ‘அபாய எச்சரிக்கை’ என்றும் எழுதினால் வாசகருக்குக் குழப்பம் இருக்காது. ‘சூறாவளி’ என்ற சொல்லையும் இங்கே தவிர்க்கலாம். அது பெரும்பாலும் கடலில் எழும் புயலைக் குறிக்கும்; அந்தப் புயல் பல நாள் முன்பே தெரிந்துவிடும். டொர்னேடோ வார்னிங்குக்கும் காற்று வந்து அடிப்பதற்கும் இடையே கிடைப்பது சராசரியாகப் பத்து நிமிடத்தை ஒட்டிய அவகாசம்தான். சில நேரம் அதுவும் கிடைப்பதில்லை.

பத்து நிமிடத்தில் ஒரு வீட்டார் உள்ளறைக்குப் போய்விடலாம். எழுபதாயிரம் பேர் போக முடியுமா? இங்கிலாந்தின் அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேர், சமதளத்தில் 82 பேர் என்று கணக்கு வைக்கிறது. எடுத்துக்காட்டாக, இருபதாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் மேலடுக்கில் இரண்டு மீட்டர் அகலப் படிவழிகள் பத்து இருந்தால் நிமிடத்துக்கு 1,320 பேர் இறங்கலாம். எல்லாரும் ஒரே நொடியில் எழுந்து, ஒருவரும் தடுமாறாமல் நடந்தாலும் 15 நிமிடம் ஆகும். நடுவரிடம் சொல்லி ஆட்டத்தை நிறுத்துவதற்கும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்கும் ஆகும் நேரம் இதில் சேரவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றைத் திட்டங்கள் பலவும் கண்டுகொள்வதில்லை. தீ விபத்தில் கூட்டம் வெளியே போய்க்கொண்டே இருக்கும், வழி அடைபடாது. டொர்னேடோவில் கூட்டம் உள்ளே வந்து நிற்க வேண்டும். முதலில் வருபவர் நடைக்கூடத்தின் (இருக்கை அடுக்குகளுக்குக் கீழே செல்லும் கூரையுள்ள வழியின்) வாயிலிலேயே, தின்பண்டக் கடை ஓரமாக நின்று அலைபேசியைப் பார்ப்பார். பின்னால் வருகிற ஆயிரம் பேர் படியில் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே பணியாளர்களில் பாதிப் பேராவது இருக்கைப் பக்கம் போகாமல், கூடத்தின் உள்முனையில் நின்று முதலில் வருபவர்களை ஆழத்துக்கு அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 250 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற கூட்ட மேலாளர் என்று அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி கேட்கிறது. அந்த எண்ணிக்கையை நிரப்பிவிட்டு எல்லாரையும் வாசற்கதவில் நிறுத்தினால் பயனில்லை.

எவ்வளவு இடம் தேவை? டொர்னேடோ புகலிடங்களுக்கான அமெரிக்கத் தரவிதி நிற்பவருக்கோ உட்கார்ந்திருப்பவருக்கோ 5 சதுர அடி, சக்கர நாற்காலிக்கு 10 சதுர அடி என்று வகுத்திருக்கிறது. ஒரு லட்சம் பேருக்கு 5 லட்சம் சதுர அடி, அதாவது பதினொரு ஏக்கருக்கும் மேல். மிச்சிகன், டென்னசி, அலபாமா பல்கலைக்கழகங்களின் அரங்குகள் லட்சத்தைத் தொடுகிற கொள்ளளவு கொண்டவை. 250 மைல் வேகக் காற்றைத் தாங்கும் புகலிடத்தை அத்தனை பேருக்கும் கட்டுவது நடக்கிற காரியமல்ல. இருப்பதில் ஆகச் சிறந்த இடம் எது என்பதைத்தான் தேட முடியும். கீழ்த்தள உள்ளறைகள், கழிப்பறைகள், வீரர்களின் உடைமாற்று அறைகள், சரக்கு வழிகள் நல்லவை. கண்ணாடிச் சுவர் உள்ள விருந்தினர் மாடமும் பத்திரிகையாளர் மாடமும் கூடாது. இரு முனையும் திறந்திருக்கும் நடைக்கூடத்தில் காற்று குவிந்து வேகம் கூடும், உடைந்த பொருள்களும் அதே வழியாகப் பறந்து வரும். அத்தகைய கூடத்தில் நடுப்பகுதியில் சுவரோரமாக மட்டுமே ஆட்களை நிறுத்த வேண்டும். அளவு நாடாவோடு ஒருமுறை சுற்றிவந்து, ஒவ்வோர் இருக்கைப் பகுதிக்கும் எந்த அறை, அதில் எத்தனை பேர் என்று எழுதி வைத்த பட்டியல் இல்லாத திட்டத்தைத் திட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி நவம்பருக்கு வருவோம். கோடையில் வடக்கே ஒதுங்கியிருந்த ஜெட் காற்றோட்டம் (வானில் மிக உயரத்தில் வேகமாக ஓடும் காற்று) அப்போது வலுத்துத் தெற்கே இறங்குகிறது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் இன்னும் வற்றியிருக்காது. மிசிசிப்பி, அலபாமா, லூசியானா, டென்னசி போன்ற மாநிலங்களில் இரண்டாம் டொர்னேடோ பருவம் தொடங்கும். கல்லூரிக் கால்பந்தின் (அமெரிக்க வகைக் கால்பந்து) முக்கிய ஆட்டங்களும் அதே வாரங்களில்தான் நடக்கின்றன. இந்தப் பருவத்துப் புயல்களுக்கு நான்கு கெட்ட குணங்கள் உண்டு. அவை வேகமாக நகர்கின்றன. மணிக்கு 50 மைலுக்கு மேல் போவது அரிதல்ல. மழைத்திரைக்குள் ஒளிந்திருக்கின்றன. உயரம் குறைவாக இருக்கும். 60 மைல் தள்ளியிருக்கும் ரேடாரின் மிகத் தாழ்ந்த கற்றையே தரையிலிருந்து ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் போவதால், அடியில் நடக்கும் சுழற்சி தப்பிவிடும். சீக்கிரம் இருட்டியும் விடும்.

பல அரங்குகள் மின்னல் விதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்கலாம் என்று நம்புகின்றன. மின்னல் 8 மைலுக்குள் வந்தால் ஆட்டத்தை நிறுத்து, கடைசி மின்னலுக்குப் பிறகு 30 நிமிடம் காத்திரு என்பது அந்த விதி. மின்னலுக்கு அது சரியான விதிதான். ஆனால் 50 மைல் வேகத்தில் வரும் புயல் 8 மைலைப் பத்து நிமிடத்துக்குள் கடந்துவிடும். குளிர்காலப் புயல்களில் சில, மின்னலே அதிகம் காட்டாமல் டொர்னேடோவைத் தரையிறக்கும். மைல் கணக்கை விட்டு நிமிடக் கணக்குக்கு மாற வேண்டும் என்பதே என் வாதம். மேலடுக்கைக் காலி செய்ய 20 நிமிடம், முடிவெடுக்க 5 நிமிடம், பிசகுக்கு 10 நிமிடம் என்றால் மொத்தம் 35. புயல் 50 மைல் வேகத்தில் வந்தால் 29 மைலுக்கு அப்பால் இருக்கும்போதே நகர்த்தத் தொடங்க வேண்டும். 30 மைல் வேகமென்றால் பதினேழரை மைல் போதும். வார்னிங் வந்திருக்கிறதா என்ற கேள்வியே அங்கே எழக் கூடாது.

இதற்கு எதிர்ப்பு வரும் என்பது தெரியும். வார்னிங்குகளிலேயே பத்தில் ஏழு பொய்த்துப் போகின்றன. அதற்கும் முன்பே கூட்டத்தை எழுப்பினால் எத்தனை ஆட்டம் கெடும் என்பார்கள். 2013 நவம்பர் 17 அதற்கு நல்ல பதில். அன்று முற்பகல் இலினாய் மாநிலத்தின் வாஷிங்டன் என்ற ஊரை இ.எஃப்.4 டொர்னேடோ சிதைத்தது (டொர்னேடோவின் வலிமையைச் சொல்லும் இ.எஃப். அளவுகோல் 0 முதல் 5 வரை போகும்). பிற்பகலில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் பேர்ஸ், ரேவன்ஸ் அணிகளின் கால்பந்து ஆட்டத்தை முதல் காற்பகுதியிலேயே நிறுத்திப் பார்வையாளர்களைக் கூரையுள்ள கூடங்களுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஆட்டம் தொடர்ந்து, கூடுதல் நேரம் வரை போய் முடிந்தது. டொர்னேடோ அரங்கைத் தொடவில்லை. இழப்பு இரண்டு மணி நேரம். அது பெரிய விலையல்ல.

2008 மார்ச் 14 இரவு அட்லாண்டாவில் நடந்ததை வேறு காரணத்துக்காகப் படிக்க வேண்டும். ஜார்ஜியா டோம் அரங்கில் அலபாமா, மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக அணிகளின் கூடைப்பந்து ஆட்டம் கடைசி நொடி வீச்சால் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. அந்த நேரத்தில் இ.எஃப்.2 டொர்னேடோ நகர மையத்தின் வழியே சென்று, அரங்கின் வெளித்தகடுகளைப் பிய்த்தது. அந்த வீச்சு தவறியிருந்தால் கூட்டத்தில் பெரும்பகுதி தெருவில் நடந்துகொண்டிருக்கும். ஆட்டம் முடியும் நேரமும் தொடங்கும் நேரமுமே அதிக ஆபத்தானவை. புயல் நெருங்கும்போது இறுதி விசில் ஊதினால், வெளியேறும் கதவருகே நின்று மக்களை உள்ளேயே இருக்கச் சொல்லும் ஏற்பாடு வேண்டும்.

அறிவிப்பின் வாசகத்தை முன்பே எழுதி வைக்க வேண்டும். ‘மோசமான வானிலையால் ஆட்டம் தாமதமாகிறது’ என்று மட்டும் சொன்னால் ஆயிரக்கணக்கானோர் காரை நோக்கி நடப்பார்கள். கார் டொர்னேடோவில் புகலிடமல்ல. எங்கே போக வேண்டும் என்பது முதல் வரி, காருக்குப் போகாதீர்கள் என்பது இரண்டாம் வரி, காரணம் அதற்குப் பிறகு. வார்னிங் வந்ததும் பகுதியிலுள்ள அலைபேசிகள் எல்லாம் ஒன்றாக அலறும். அரங்கின் ஒலிபெருக்கி அதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கூட்டம் தானாக முடிவெடுக்கும். மின்சாரம் போகும் என்பதால் பகுதிக்கு ஒரு கைஒலிபெருக்கி தேவை. மின்தூக்கியை நம்பியிருக்கும் சக்கர நாற்காலிப் பார்வையாளர்களை மற்றவர்களுக்கு 15 நிமிடம் முன்பே இறக்கத் தொடங்க வேண்டும். கூடாரங்கள், காற்றடைத்த வளைவுகள், படப்பிடிப்புக்கான உயர்மேடைகள் ஆகியவற்றுக்கு டொர்னேடோ வேண்டியதில்லை, வெறும் காற்றே போதும். 2010 அக்டோபரில் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில், கால்பந்துப் பயிற்சியைப் படமெடுத்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் உயர்மேடை காற்றில் சாய்ந்து இறந்தார். வாட்ச் வந்த உடனேயே இவற்றை இறக்கிவிட வேண்டும்.

வெளியே வாகன நிறுத்தத்தில் ஆட்டத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே கூடி அடுப்பு மூட்டிச் சமைப்பவர்கள் பல ஆயிரம் பேர். சிலரிடம் டிக்கெட்டே இருக்காது. டிக்கெட்டைச் சரிபார்க்காமல் கதவைத் திறந்துவிடும் அதிகாரம் வாயிற்பணியாளருக்கு எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள வகுப்பறைக் கட்டடங்கள் இவர்களுக்கு நல்ல புகலிடம்தான், ஆனால் சனிக்கிழமை பூட்டியிருக்கும்.

எனக்கு அதிகக் கவலை தருவது லட்சம் பேர் கூடும் அரங்கல்ல. வெள்ளிக்கிழமை இரவுகளில் உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்து நடக்கிறது. இரண்டாயிரம் மூவாயிரம் பேர் அலுமினியப் படிவரிசைகளில் உட்கார்ந்திருப்பார்கள். அடியில் கூடம் எதுவும் இல்லை. அருகில் உள்ள உடற்பயிற்சிக் கூடத்துக்கு நீண்ட கூரை, நடுவில் தூண் இல்லை. அங்கே கூட்டத்தை அடைப்பது பெரும் தவறு. பள்ளியின் உட்புற நடைவழிகள்தான் சரியான இடம். ஆபத்து மிகுந்த பகுதிகளில் எழும் புதிய பள்ளிகளுக்குப் புகலிடம் வேண்டும் என 2015 முதல் அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதி சொல்கிறது. அந்தப் புகலிடத்தின் சாவி வெள்ளி இரவு எட்டு மணிக்கு யார் கையில் இருக்கிறது, மைதானத்திலிருந்து அங்கே போகும் பாதையில் விளக்கு எரிகிறதா என்பவற்றை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கூட்டப் பாதுகாப்புத் திட்டமிடலில் பணியாற்றும் வாசகர்