குமிழி குறைந்த ஷாம்பெய்ன் கெட்டுப்போன ஷாம்பெய்ன் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருந்து மேசைப் பானங்களைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால் பழைய ஷாம்பெய்னைக் குறித்து அதில் வந்துள்ள ஒரு பத்தியை மறுக்காமல் இருக்க முடியவில்லை. அறுவடை ஆண்டு பொறித்த பழைய புட்டியைத் திறக்கும்போது நுரை சீறிப் பொங்காவிட்டால் அது கெட்டுவிட்டதாகக் கொள்ளலாம் என்றும், அத்தகைய ஒயினை நன்றாகக் குளிரவைத்து, ஒடுங்கி உயர்ந்த ஃப்ளூட் கிளாஸில் ஊற்றி, கேக்குடன் பரிமாற வேண்டும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கடையில் வாங்கிய அன்றே திறக்கப்படும் சாதாரண ஷாம்பெய்னுக்கு இந்த அறிவுரை ஓரளவு பொருந்தும். இருபது முப்பது ஆண்டுகள் நிலவறையில் கிடந்த புட்டிக்கோ இதில் ஒன்றுகூடப் பொருந்தாது. பிரான்ஸில் உணவக மேசைகளில் ஒயின் பரிமாறுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் குமிழியை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை நொதித்து முடிந்த ஒயினுடன் லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்து மூடிவிடுவார்கள். உள்ளே நடக்கும் இரண்டாம் நொதிப்பில் பிறக்கும் கரியமில வாயு வெளியேற வழியின்றி ஒயினிலேயே கரைந்து, புட்டிக்குள் ஏறத்தாழ 6 வளிமண்டல அழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்த அழுத்தம் என்றென்றைக்கும் அப்படியே நிற்பதில்லை. மூடி எதுவாயினும் அதன் வழியே வாயு மிக மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், முதிர்ந்த ஷாம்பெய்னில் குமிழிகள் எண்ணிக்கையில் குறைந்து, மிக நுண்ணியவையாகி, சில வேளைகளில் கண்ணுக்குத் தெரியாமல் நாவில் மட்டும் மெல்லிய குறுகுறுப்பாக எஞ்சுவது இயல்பே. கிளாஸில் குமிழி எழுவதற்கும் ஒயினின் தரத்துக்கும் உள்ள உறவுகூட நாம் நினைப்பதைவிடத் தளர்வானது. ரான்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் காட்டியிருப்பதுபோல, பெரும்பாலான குமிழிகள் பிறப்பது கிளாஸின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் நுண்ணிய செல்லுலோஸ் இழைகளில்தான். துடைத்த துணி மாறினாலே குமிழியின் தோற்றம் மாறும் எனும்போது, அதை வைத்து ஓர் ஒயினுக்குத் தீர்ப்பெழுதுவது நியாயமாகப்படவில்லை.

குமிழி அடங்கிய அளவுக்கு மணம் விரிகிறது. நொதிப்பு முடிந்து இறந்த ஈஸ்ட் செல்கள் புட்டியின் அடியில் வண்டலாகப் படிந்து, ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைந்து, தம்முள் இருந்த அமினோ அமிலங்களையும் புரதப் பொருள்களையும் ஒயினுக்குள் விடுகின்றன. புதிதாய்ச் சுட்ட ரொட்டியின் மணமும் வாயில் உணரப்படும் வழுவழுப்பும் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. ஆண்டு குறித்த ஷாம்பெய்ன் முழுக்க அந்த ஓர் ஆண்டின் திராட்சையிலிருந்தே செய்யப்பட வேண்டும். புட்டியில் அடைத்த பின் குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரலாம் என்பது விதி. நல்ல நிறுவனங்கள் இதைவிட மிக நீண்ட காலம் காத்திருக்கின்றன. அதன் பின்னரும் பொறுமையுடன் வைத்திருந்தால், வெளிர் மஞ்சள் நிறம் பொன்னிறமாகிறது. எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் பின்வாங்கித் தேனும், உலர்ந்த பழங்களும், காளானும், சில புட்டிகளில் காப்பியும் முன்வருகின்றன. முந்திரியை நெய்யில் பொன்முறுவலாக வறுக்கும்போது எழும் வாசனையை அறிந்தவர்களுக்கு, முதிர்ந்த ஷார்டனே திராட்சையின் ஷாம்பெய்ன் அந்நியமாகத் தோன்றாது.

கட்டுரையாளர் லேபிளில் உள்ள ஆண்டை மட்டும் பார்க்கச் சொல்வதுதான் எனக்குப் பெரிய குறையாகப்படுகிறது. ஷாம்பெய்னுக்கு வயது இரண்டு. வண்டலோடு கிடந்த காலம் ஒன்று. வண்டலை நீக்கி, தேவையான இனிப்பைச் சேர்த்து, கார்க்கால் அடைத்த பின் கழிந்த காலம் மற்றொன்று. வண்டல் ஆக்சிஜனைத் தானே உறிஞ்சிக்கொள்வதால் அதனுடன் இருக்கும்வரை ஒயின் இளமை குன்றாமல் இருக்கிறது. வண்டல் நீங்கியதும் முதுமை வேறொரு வேகத்தில், வேறொரு திசையில் செல்கிறது. பொலாஞ்சே நிறுவனம் 1952-ஆம் ஆண்டின் ஒயினில் தொடங்கி, நெடுங்காலம் வண்டலோடு வைத்து அண்மையில் வண்டல் நீக்கிய புட்டிகளை ‘ஆர்.டி.’ என்ற பெயரில் தனியாகவே விற்று வருகிறது. டோம் பெரிஞ்ஞோன் என்ற மற்றொரு புகழ்பெற்ற ஷாம்பெய்ன் பெயரோ ஒரே ஆண்டின் ஒயினை வெவ்வேறு கட்டங்களில் வெளியிடுகிறது. ஒரே அறுவடை, ஒரே கலவை. ஆனால் முதலில் வெளிவந்து யாரோ ஒருவரின் நிலவறையில் முப்பது ஆண்டு கிடந்த புட்டியும், சென்ற ஆண்டு வண்டல் நீக்கப்பட்ட புட்டியும் அருகருகே வைத்துச் சுவைக்கையில் உடன்பிறப்புகள் என்று நம்புவதே கடினம். பின்னதன் துடிப்பைப் பலர் போற்றுகிறார்கள். என் மனம் முன்னதன் பக்கமே சாய்கிறது. வாங்குவோர் வண்டல் நீக்கிய நாளைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். புரூனோ பையார் போன்ற தயாரிப்பாளர்கள் அதை 1980-களிலேயே லேபிளில் அச்சிடத் தொடங்கினார்கள்; இன்றும் எல்லோரும் அவ்வாறு செய்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஆண்டுகளும் எளிதில் தரவரிசைப்படுத்தக் கூடியவை அல்ல. 1996-இல் சர்க்கரையும் அமிலமும் ஒருசேர உயர்ந்திருந்ததால் அது நூற்றாண்டின் அறுவடை என்று கொண்டாடப்பட்டது. ஆனால் அந்த ஆண்டின் ஒயின்களுள் சில எதிர்பார்த்ததைவிட விரைவிலேயே தளர்ந்துவிட்டன. 2003-இல் வசந்தகால உறைபனியும் கோடையின் கடும் வெயிலும் சேர்ந்து தாக்க, அறுவடை ஆகஸ்ட் மாதத்திலேயே தொடங்கியது. குளிர்ந்த 2008 அமிலம் மிகுந்தது, பொறுமையைக் கேட்பது. டோம் பெரிஞ்ஞோன் தனது 2009-ஐ 2008-க்கு முன்பாகவே சந்தைக்கு அனுப்பியது இதை உணர்ந்துதான்.

பரிமாறும் முறைக்கு வருகிறேன். பனிக்கட்டியில் நெடுநேரம் புதைத்த முதிர்ந்த ஷாம்பெய்னில் அமிலம் மட்டுமே மிஞ்சும். பத்து முதல் பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் வரை வைத்திருந்தால்தான் மணம் எழும். ஃப்ளூட் கிளாஸில் கரியமில வாயு மூக்கருகே செறிந்து குத்துமேயன்றி ஒயின் விரிவதற்கு அங்கே இடமில்லை. வயிறு சற்றே அகன்று வாய் குவிந்த ட்யூலிப் வடிவக் கிளாஸோ, வெள்ளை ஒயினுக்கான கிளாஸோ போதும். ஊற்றியவுடன் தீர்ப்புச் சொல்லாமல் கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். 2010-இல் பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளுக்கு அருகே, பால்டிக் கடலின் அடியில் ஒரு கப்பல் சிதைவிலிருந்து 168 புட்டி ஷாம்பெய்ன் மீட்கப்பட்டது. ஏறத்தாழ 170 ஆண்டுகள் குளிரிலும் இருளிலும் கிடந்த அவற்றை ஆராய்ந்த உயிர்வேதியியலாளர் பிலிப் ஜாந்தேயின் குழுவினர், லிட்டருக்கு 150 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருந்ததைக் கண்டார்கள். அக்காலத்து இனிப்பு விருப்பம் அப்படி. சுவைத்தவர்களுக்கு முதலில் நனைந்த மயிர் போன்ற விலங்கு வாடைதான் எட்டியது. கிளாஸைச் சுழற்றிக் காற்றுப்பட விட்ட பின்னரே புகையும் தோலும் மசாலாவும் கலந்த மணம் வெளிப்பட்டது. நம் கட்டுரையாளரின் அளவுகோலின்படி முதல் முகர்விலேயே சாக்கடையில் கொட்டப்பட்டிருக்க வேண்டியவை அவை.

உண்மையாகவே கெட்ட புட்டியும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஈரமான அட்டைப்பெட்டியின் வாடை அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது. நிறம் மங்கிப் பழுப்பாகி, அடிபட்ட ஆப்பிளின் மணம் மட்டுமே எஞ்சி, விழுங்கியபின் வாயில் எச்சில் ஊறச் செய்யும் புளிப்பும் இல்லையென்றால் ஆக்சிஜன் அதைத் தின்றுவிட்டது. வேகவைத்த முட்டைக்கோசின் நாற்றம் பெரும்பாலும் வெளிச்சத்தில் வைத்ததன் விளைவு. தெளிவான கண்ணாடிப் புட்டியில் வரும் லூயி ரோதெரே நிறுவனத்தின் கிரிஸ்டால் ஷாம்பெய்னை மஞ்சள் தாளில் சுற்றி அனுப்புவது அலங்காரத்துக்காக அன்று. இந்த மூன்றையும் சோதிக்காமல், நுரை வரவில்லை என்பதற்காக எதையும் திருப்பி அனுப்பக் கூடாது. வாங்கும் வசதியுள்ளவர்கள் ஒன்றரை லிட்டர் மாக்னம் புட்டியைத் தேடுவது நல்லது. கழுத்தின் வழியே புகும் ஆக்சிஜன் இருமடங்கு ஒயினுக்குப் பங்கிடப்படுவதால் அது நிதானமாக முதிர்கிறது.

கேக் விஷயத்தில்தான் நான் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இனிப்பு குறைந்த இன்றைய ‘ப்ரூட்’ வகை ஷாம்பெய்னில் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாகவே சர்க்கரை இருக்கும். அதன் எதிரே கிரீமும் சீனியும் வந்தால் ஒயின் கசந்து மெலிந்து தெரியும். கிரீமில் வெந்த காளான், தோல் மொறுமொறுப்பாக வறுத்த கோழி, நீண்ட நாள் முதிர்ந்த கோம்தே பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு, உணவின் நடுவிலேயே, வெள்ளை ஒயின் வர வேண்டிய இடத்தில் முதிர்ந்த ஷாம்பெய்னைப் பரிமாறச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாரிஸ்.