விருந்தாளியைக் கொஞ்சம் உட்கார விடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை நெருங்கினாலே உங்கள் வார இணைப்பில் சுற்றுலாப் பக்கங்கள் தொடங்கிவிடுகின்றன. எங்கள் தஞ்சாவூருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால் நூலகம், கல்லணை என்று சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் மணிக்கணக்குப் போட்டு அட்டவணை. வெளியூர்க்காரர்களுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நம் வீட்டுக்கு வருகிற சிநேகிதர்களையும் அந்த அட்டவணைக்குள் தள்ளிவிடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம்.

பங்குனிக் கடைசியில் என் கல்லூரித் தோழி சென்னையிலிருந்து வந்திருந்தாள். சனிக்கிழமை விடிகாலை உழவன் எக்ஸ்பிரஸில் இறங்கியவள் முதலில் சொன்னதே, "எங்கேயும் கூட்டிட்டுப் போயிடாதடி, ரெண்டு நாள் சும்மா உட்கார விடு" என்பதுதான். என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. தஞ்சாவூர் வரைக்கும் வந்தவரைப் பெரிய கோயிலுக்குக்கூடக் கூட்டிப் போகாமல் அனுப்பினால் என்ன நினைப்பார்கள் என்றார். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில், அடுத்த முறை வரும்போதும் அங்கேயேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். பங்குனி வெயிலில் நடுப்பகலில் அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கல்லணைக் கால்வாயான புதாற்றின் கரைக்குப் போகலாம் என்றால் அதிலும் தண்ணீர் இல்லை. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினால் அப்புறம் ஜூன் 12-ஐ எதிர்பார்த்துத்தானே டெல்டா முழுக்கக் காத்திருக்கிறது.

ஆனால் வீட்டைச் சுற்றி இந்த மாதத்தில் என்ன குறை? மாசியில் இலையெல்லாம் கொட்டி நின்ற வேம்பு இப்போது தளிரும் பூவுமாக இருக்கிறது. எதிர் வீட்டுப் புங்க மரம் பளபளவென்று புது இலை விட்டு, திண்ணை வரைக்கும் நிழல் தருகிறது. குயில் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. மல்லிகையும் விலை இறங்கித் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிவிட்டது. சாயங்காலம் நாலு முழத்துக்கு உதிரியாக வாங்கி, பேசிக்கொண்டே கட்டினோம். அவளுக்குக் கை மறக்கவில்லை.

ராத்திரி உதிர்கிற பூவுக்காக வேம்பின் அடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்துவைத்தோம். இருட்டினால்தான் அந்தப் பூவுக்கு வாசனை கூடும். மாடியில் பாயைப் போட்டுக்கொண்டு, மோர்ச் சோறும் மாவடுவும் சாப்பிட்டுவிட்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நாங்கள் நிதானமாக உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான். போனில் பத்து நிமிஷத்தில் சொல்ல முடியாததெல்லாம் அந்த இருட்டில் வந்தது. சுற்றிப் பார்க்கப் போயிருந்தால் அசந்துபோய் ஒன்பது மணிக்கே தூங்கியிருப்போம்.

ஞாயிறு விடிகாலையில் கூழ் வடகம். வெயில் ஏறுவதற்குள் பிழிந்துவிட வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே அடுப்பில் உலை வைத்தேன். பச்சைமிளகாய் விழுது, உப்பு, பெருங்காயம், ஜவ்வரிசி போட்டுக் கொதிக்கவிட்டு அரிசி மாவைக் கரைத்து ஊற்றினால், அடிபிடிக்காமல் கிண்ட ஒரு ஆள் கூடவே வேண்டும். அவள் கிண்டினாள். எலுமிச்சை பிழிந்து இறக்கியதும், சின்ன வயதில் செய்த மாதிரி ஆளுக்கு ஒரு கிண்ணம் கூழை எடுத்துக்கொண்டுதான் மாடி ஏறினோம். நான் அச்சில் பிழியப் பிழிய, அவள் கறுப்புக் குடையோடு காக்காய்க்குக் காவல். மத்தியானம் அன்று பொறுக்கிய வேப்பம்பூவை நெய்யில் வறுத்துப் போட்ட ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். அவ்வளவுதான் விருந்து.

இதில் பெண்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். விருந்தாளி வந்தால் நாலு வகைப் பொரியலும் பாயசமுமாக நாம் அடுப்படியிலேயே கிடக்கிறோம். வந்தவள் கூடத்தில் தனியாக டிவி பார்க்கிறாள். மிச்ச நேரத்துக்குக் கார் வைத்து ஊர் சுற்றுகிறோம். ஊருக்குப் போகும்போது, சரியாகப் பேசக்கூட முடியவில்லையே என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்கிறோம். வந்தவளைக் கூடவே உட்காரவைத்து, கையில் ஒரு வேலையைக் கொடுப்பது மரியாதைக் குறைவே இல்லை. உரிமையோடு வந்தவளுக்கு அதுதான் பிடிக்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். சித்திரை மாத இணைப்பில் சுற்றுலாவுக்கு இத்தனை பக்கங்கள் தரும்போது, வீட்டிலேயே சிநேகிதர்களோடு விடுமுறையைக் கழிப்பதற்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். அந்தந்த ஊரில் அந்தந்த மாதம் என்ன பூக்கிறது, என்ன காய்க்கிறது, வீட்டில் என்ன செய்வார்கள் என்று வாசகர்களையே எழுதச் சொல்லுங்கள். தூத்துக்குடிப் பக்கம் நுங்கும் பதநீரும் பற்றி எழுதுவார்கள், கொங்குப் பக்கத்தில் வேறு இருக்கும். தஞ்சாவூருக்கு நான் எழுதித் தருகிறேன், கூழ் வடகத்தின் அளவுகளோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்.