அங்கிளுக்குத் தன் குரல் கேட்க வேண்டும்

அன்புத் தம்பிக்கு,

சுங்கை சிப்புட் தோட்டத்து மண்டபப் படங்களும் நீ அனுப்பிய பட்டியலும் வந்து சேர்ந்தன. சிமெண்ட் தரை, தகரக் கூரை, பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடிப் பட்டை ஜன்னல். ராக் கச்சேரிக்கு இதைவிடக் கெட்ட இடம் தேடினாலும் கிடைக்காது. ஆனால் நம் மலேசியத் தோட்டங்களில் இருப்பது இதுதான். 70 தாண்டிய பழைய ராக் பாடகர் நம் அங்கிள் ஐந்து பாட்டு, பின்னால் நான்கு இளவட்டங்கள், நடுவில் அரை மணி நேரம் மேடையிலேயே அவரோடு பேட்டி என்று போட்டிருக்கிறாய். பேட்டியை மட்டும் மேடையிலிருந்து எடுத்துவிடு. ஏன் என்று பிறகு சொல்கிறோம். மற்றதெல்லாம் நடக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவருடைய காதைப் பற்றி யோசி. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழில் சுகாதாரக் கணக்கு. மூன்று டெசிபல் ஏற ஏற அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிஷம்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் பல பத்தாண்டுகள் நின்றவர்கள் அந்த 15 நிமிஷத்தை எத்தனை முறை தாண்டியிருப்பார்கள்! ‘தி ஹூ’ குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டின் காதிரைச்சல் ஊரறிந்த கதை. ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல் காதுக்காகவே சுற்றுப்பயணத்தின் பாதியில் விலகினார். இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் போவது உயர்ந்த ஒலிகள். ‘ஆ’, ‘ஓ’ நன்றாகக் கேட்கும். ‘ச’, ‘த’, ‘ப’ மழுங்கிவிடும். அதாவது சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. அதனால்தான் அங்கிள் ஒத்திகையில் “ஏத்துப்பா, இன்னும் ஏத்து” என்பார். நீயும் ஏற்றுவாய். மைக் ஊளையிடும்.

ஏற்றாதே. பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர், அதாவது மானிட்டர் பெட்டி, அவரிடமிருந்து இரண்டு மீட்டரில் இருந்தால் ஒரு மீட்டருக்குக் கொண்டு வா. தூரம் பாதியானால் ஏறக்குறைய 6 டெசிபல் சும்மாவே கிடைக்கும். அடுத்து, அந்தப் பெட்டியில் அவர் குரலையும் கொஞ்சம் கீபோர்டையும் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிடு. டிரம்ஸ் அவருக்குப் பின்னாலேயே இருக்கிறது, அதை மானிட்டரிலும் கொடுப்பது வீண். பிறகு 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையான பகுதியை மூன்று நான்கு டெசிபல் குறை. ‘கொழகொழ’ என்று சொற்களை மூடுவது அந்த இடம்தான். பெட்டியை எந்தக் காதுப் பக்கம் வைப்பது? போன் வந்தால் எந்தக் காதில் வைக்கிறார் என்று பார். பெரும்பாலும் அதுதான் நல்ல காது. நேராகக் கேட்டால் “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு” என்றே பதில் வரும்.

மைக்குக்கும் மானிட்டருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. ஷூர் எஸ்எம்58 மைக்குக்குப் பின்பக்கம்தான் செவிடு, அங்கிருந்து வரும் சத்தத்தை அது அதிகம் பிடிக்காது. மானிட்டரை மைக்குக்கு நேர் பின்னால் வை. பீட்டா 58 போன்றவற்றுக்குச் செவிட்டுப் பக்கம் பின்னால் சற்றே சாய்ந்து, இரு பக்கமும் 120 பாகையை ஒட்டி இருக்கும். அதற்கு மானிட்டரைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் ‘நல்ல மைக்’ வாங்கிவிட்டு, முன்பு வைத்த இடத்திலேயே பெட்டியை வைத்து அவதிப்படுகிறவர்கள் நிறைய. பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்: மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது. பொத்தினால் அந்தச் செவிட்டுப் பக்கமே இல்லாமல் போகும், உடனே ஊளைதான். வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காகப் பிடிக்கிறார்கள்.

ஒத்திகையை டிரம்ஸில் தொடங்குவது வழக்கம். இந்த மண்டபத்தில் குரலில் தொடங்கு. அங்கிளின் மைக்கை மெதுவாக ஏற்று. கூவத் தொடங்கும் சுருதியைப் பிடித்து அந்த இடத்தை மட்டும் ஈக்வலைசரில் (ஒலியைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்கும் கருவி) குறை. மூன்று நான்கு இடத்தோடு நிறுத்திக்கொள், அதற்கு மேல் வெட்டினால் குரல் செத்துவிடும். பிறகு மொத்தத்தில் 4 டெசிபல் இறக்கிவை. உன் சத்தத்துக்கு உச்ச வரம்பு அதுதான். டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். டிரம்மருக்குக் கனமான 5பி குச்சி வேண்டாம், மெல்லிய 7ஏ கொடு. ‘சடார்’ என்று அடிக்கும் ஸ்னேர் டிரம் மேல் ஒரு துண்டுத் துணி ஒட்டு. இவ்வளவு சின்ன மண்டபத்தில் கிக் டிரம்முக்கு ஒரு மைக் போதும், மற்றவை தானாகவே கடைசி நாற்காலி வரை போகும்.

கிட்டார் ஆம்ப் விஷயத்தில்தான் சண்டை வரும். 12 அங்குல ஸ்பீக்கர் நேர்கோட்டில் கூர்மையாக அடிக்கும். தரையில் வைத்தால் அது வாசிப்பவனின் முழங்காலுக்குப் போகும், அவன் காதுக்குக் கேட்காது. அவன் ஏற்றிக்கொண்டே போவான், முன்வரிசை ஆச்சிகள் காதைப் பொத்துவார்கள். ஆம்பை ஒரு காலிப் போத்தல் பெட்டி மேல் ஏற்றிச் சாய்த்து அவன் முகத்துக்கு நேராகத் திருப்பு. தானாகவே குறைப்பான். 15 வாட் வால்வு ஆம்ப் தாராளம். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் வயர் மாட்டாமல் போடக் கூடாது, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகும். ஸ்பீக்கருக்குக் கிட்டார் வயரை மாட்டவும் கூடாது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே கம்பி மெல்லியது.

மண்டபம் 18 மீட்டர் நீளம் என்கிறாய். மேடையில் அடித்த ஸ்னேர் பின்சுவரில் பட்டுத் திரும்ப 36 மீட்டர். நம் ஊர் வெக்கையில் ஒலி விநாடிக்கு 348 மீட்டர் போகிறது. ஆக, பாடுகிறவர் காதுக்கு ஒவ்வொரு அடியும் பத்தில் ஒரு விநாடி கழித்து இன்னொரு தடவை வரும். தாளம் இழுப்பது அதனால்தான். பிள்ளைகளைத் திட்டாதே. பந்தல் துணியோ கனமான திரையோ, கிடைப்பதை இரட்டையாக மடித்து, பின்சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிடு. சுவரோடு ஒட்டினால் பாதிப் பலன் போய்விடும். ஸ்பீக்கர்களை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றி, கூட்டத்தைப் பார்த்துச் சற்றே கீழே சாய்த்து, மைக் வரிசைக்கு ஒரு மீட்டராவது முன்னால் வை. தகரத்துக்குச் சத்தம் போகவே கூடாது. ஆள் நிறைந்தால் எதிரொலி அடங்கும், காலி மண்டபத்து ஒத்திகையைக் கேட்டுப் பயப்படாதே. மழை மட்டும் நம் கையில் இல்லை. தகரத்தில் கொட்ட ஆரம்பித்தால் போட்டி போட்டு ஏற்றாமல் பத்து நிமிஷம் தேநீர் இடைவேளை விடு.

தேநீர் என்றதும் மின்சாரம். ஒரு 13 ஆம்பியர் பிளக்கில் கிடைப்பது ஏறக்குறைய 3000 வாட். உன் ஒலி சாமான்கள் எல்லாம் சேர்ந்தும் சராசரியாக அதற்குள் அடங்கும். அடங்காதது பழைய பார் (PAR) மேடை விளக்கு. ஒன்றே 1000 வாட் குடிக்கும். எல்இடி விளக்கு மட்டும் எடு. இன்னொன்று சமையலறைத் தண்ணீர்ப் பானை. இடைவேளைக்குக் கால் மணி முன்னால் யாராவது அதைத் தட்டிவிடுவார்கள், அது மேடையின் அதே வயரில் இருந்தால் நல்ல சோலோவின் நடுவில் இருட்டு. எந்தப் பிளக் மின்சாரப் பெட்டியின் எந்த எம்சிபி சுவிட்சில் ஓடுகிறது என்று பகலிலேயே ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துச் சுவரில் டேப் ஒட்டி எழுதிவிடு. சுருள் வயரை முழுக்க அவிழ்த்துப் பயன்படுத்து, சுற்றியபடியே இருந்தால் சூடேறி உருகும்.

‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும், நிச்சயம் வரும். எல்லா ஒலிச் சாமானையும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கவிடு; பேஸ், கீபோர்டுக்கு டிஐ பெட்டி (வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) போட்டு, ஒலி வயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டிப் பார். பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றச் சொல்லும் கெட்டிக்காரன் ஒருவன் எல்லா ஊரிலும் இருப்பான். இரைச்சல் உண்மையிலேயே நின்றுவிடும், அதுதான் ஆபத்து. 1972-ல் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ‘ஸ்டோன் தி குரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்தார். கிட்டார் கம்பி ஒரு கையில், மைக் உதட்டில்: உடம்புதான் வயர். மின்சாரப் பெட்டியில், மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்சிசிபி இருக்கும்; அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தி சுவிட்ச் விழுகிறதா பார். அதன் மேல் 30 மில்லி ஆம்பியர் என்று இருக்க வேண்டும். பழைய மண்டபங்களில் 100 என்று இருப்பதுண்டு, உயிரைக் காக்க அது போதாது. அப்படியானால் மேடைக்குத் தனியாக 30 உள்ள ஒன்றை மாட்டு.

பாட்டுக்கு வருவோம். இருபத்தைந்தில் பாடிய சுருதியில் எழுபதில் பாடச் சொல்லாதே. அவராகக் கேட்க மாட்டார், கௌரவம். அவர் பாட்டுகளுக்கு மட்டும் எல்லாக் கிட்டாரையும் அரைச் சுருதி இறக்கிக் கட்டிவிடு. கம்பியின் இறுக்கம் குறையும், மூட்டுவலி விரலுக்கும் இதம். அவர் கிட்டாரில் மெல்லிய 9 கேஜ் கம்பி போடு. கீபோர்டுப் பிள்ளை டிரான்ஸ்போஸ் பொத்தானால் இறக்குவான். அங்கிள் இறங்கியதும் அதைத் திருப்பி வைக்க மறப்பான். பாட்டுப் பட்டியலில் அந்த இடத்தில் சிவப்பு மையில் எழுதி வை. காடியின் ஏர்கோனிலிருந்து நேராகக் கிட்டாரை மேடைக்குக் கொண்டுபோனால் வியர்த்துச் சுருதி ஓடும், அரை மணி முன்பே பெட்டியைத் திறந்து வெளியே வைக்க வேண்டும்.

இனி பேட்டி. ஒலிபெருக்கி வைத்த மண்டபத்தில், உயர்ந்த ஒலி கேட்காத ஒருவரிடம், எதிரொலிக்கு நடுவே கேள்வி கேட்டால் அவர் பாதியை ஊகித்துத்தான் பதில் சொல்வார். கூட்டம் சிரிக்கும், அவர் சுருங்கிப்போவார். முந்தின ஞாயிறு காலை, பசியாறிய பிறகு, ஒன்பது மணி வாக்கில் அவர் வீட்டுக்கே போ. மத்தியானத்துக்குமேல் மழை, மாலையில் பேரப்பிள்ளைகள். மின்விசிறியை அணை. ஃப்ரிட்ஜையும் அணை, காடிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால் திரும்பப் போடாமல் போக முடியாது. அவர் முகத்துக்கு நேரே, நல்ல காதுப் பக்கம் சற்றே ஒதுங்கி உட்கார். வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும், அவர் உன் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்வார். சட்டை மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே மாட்டு. பதிவின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 மெகாபைட். பக்கத்தில் உன் போனும் தனியாகப் பதியட்டும்.

“அந்தக் காலம் எப்படி இருந்தது அங்கிள்?” என்று கேட்டால், ஏற்கெனவே இருபது பேரிடம் சொன்னதையே சொல்வார். அவர் மடியில் ஒரு கிட்டாரை வைத்துவிட்டுக் கேள்: முதல் கம்பி எந்தக் கடையில் வாங்கினீர்கள், அறுந்தால் என்ன செய்தீர்கள், லயத்து வீட்டில் ஆம்புக்குக் கரண்டு எங்கிருந்து வந்தது, மேடையில் எந்தப் பக்கம் நின்றீர்கள், கூலியைப் பிரித்தது யார்? விரல் பழைய இடத்துக்குப் போனதும் வாய் தானாகத் திறக்கும். வருஷம் கேட்காதே, அடையாளம் கேள். இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் 1961-ல் சிங்கப்பூர் வந்ததற்கு முன்பா, பின்பா? மலாய்க்காரர்கள் ‘கூகிரான்’ என்று பெயர் வைத்த கிட்டார் குழுக்களின் காலமா? மலாய் ராக் குழுவான சேர்ச்சின் ‘இசபெல்லா’ பாட்டு ஒலித்த 1989-க்குப் பிறகா? நீள முடி ராக்காரர்களுக்கு அரசாங்க டிவி, வானொலியான ஆர்டிஎம் கதவடைத்த 1992-ல் உங்கள் முடி எவ்வளவு நீளம்? கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார். சிரித்த பிறகு சொல்வதுதான் நல்ல பகுதி. எந்த மொழிப் பாட்டு சோறு போட்டது என்றும் கேள். பினாங்கு ஆலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களை நாடறியச் செய்தவை மலாய்ப் பாட்டுகள்தாம். இதைப் பற்றி நம் மூத்த கலைஞர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாதே, மனத்துக்குள் ஐந்து எண்ணு. அந்தப் பதிவிலிருந்து மூன்று நிமிஷம் வெட்டி, அவர் மேடையேறுவதற்கு முன் மண்டபத்தில் ஓடவிட்டால் போதும்.

சில்லறை விஷயங்கள். போலீஸ் பெர்மிட்டுக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் இப்போதே எழுது, முடியும் நேரத்தை அதில் போட்டபடியே முடி. மஃரிப் பாங்கு நேரத்தில் ஒத்திகையை நிறுத்திவை. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் வந்தால் பேச்சு, மாலை, பொன்னாடை எல்லாம் அங்கிள் மேடையேறுமுன் முடியட்டும். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் நிற்கும் வயது அவருக்கு இல்லை. கைத்தாங்கல் இல்லாத நாற்காலி ஒன்று மேடையில் இருக்கட்டும், கை வைத்த நாற்காலியில் கிட்டார் இடிக்கும். பணத்தை உறையில் போட்டு, பாடுவதற்கு முன்பே கொடுத்துவிடு.

நாளைக்கு மண்டபத்துக்குப் போனால் மின்சாரப் பெட்டியைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. ஒவ்வொரு சுவிட்ச் மேலும் அச்சடித்திருக்கும் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். போன தடவை அனுப்பியதில் உன் விரல்தான் தெரிந்தது.

அன்புடன்,
பெட்டி தூக்கும் அண்ணன்மார்