சிறிய வீடுகளையும் ஒருமுறை வந்து பாருங்கள்

தமிழ்நாடு அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கு,

வணக்கம். விதிப்படி கட்டுவேன் என்று உரிமையாளரே உறுதி தரும் சுயசான்று முறையில் வீடு கட்ட அனுமதி தரும் திட்டத்தை 2024 ஜூலையில் கொண்டுவந்தீர்கள். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி என்றால் இணையத்திலேயே உடனடி அனுமதி. பிளான் அப்ரூவலுக்காக அலைந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மனதார நன்றி. இதைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை.

ஆனால் அனுமதி சுலபமானதோடு, கட்டுகிற இடத்தை யாராவது வந்து பார்ப்பதும் இல்லாமல் போனது. 750 சதுர மீட்டருக்குள் 8 வீடுகள் வரை உள்ள குடியிருப்புக்கு, கட்டி முடித்தபின் விதிப்படி இருக்கிறது என்று தரும் நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை. ஆயுள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு வீடு கட்டுகிறவருக்கு மேஸ்திரி சொல்வதுதான் விதி என்றாகிவிட்டது.

சென்னை 2002 இல் நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. அந்த மண்டலத்துக்கான விதிப்படி பில்லர் கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனை 135 டிகிரி வளைந்து உள்ளே போக வேண்டும். எங்கள் பக்கம் எழும்பும் வீடுகளைப் பாருங்கள், பெரும்பாலும் 90 டிகிரியில் மடக்கி விட்டுவிடுகிறார்கள். அதிர்வு வந்தால் அந்த ரிங் பிரிந்துகொள்ளும், உள்ளே நிற்கும் கம்பி வெளியே பிதுங்கும். பில்லரில் கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவே 40 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். அந்த இடைவெளியைக் காக்கும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காமல் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகுகிறார்கள். கடற்கரைக் காற்றில் அந்தக் கம்பி சீக்கிரமே துருவேறிவிடும். கலவை இறுகுகிறது என்றால் இன்னொரு குடம் தண்ணீர், கான்கிரீட்டின் பலம் அதிலேயே குறைந்துவிடும். பூசி, பெயின்ட் அடித்த பிறகு இதில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் கேட்டால், "நாங்க எத்தனை வீடு கட்டியிருக்கோம் சார்" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மௌலிவாக்கத்தில் 2014 ஜூனில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. ஒற்றை மாடி வீட்டில் விரிசல் விழுந்தால் அது அந்தக் குடும்பத்தின் தலைவலி மட்டும்தான். அந்த வீட்டிலும் உயிர்கள்தானே இருக்கின்றன?

விதியில் தளர்வு கேட்டுத்தான் மனை உரிமையாளர்கள் வருவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் கேட்பது வேறு. அஸ்திவாரக் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுவதற்கு முன்னால், பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை ஒரே ஒரு தடவை அனுப்புங்கள். நியாயமான கட்டணம் வையுங்கள், கட்டுகிறோம். 2019 ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்கீழ் பொறியாளர்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. குறித்த நாளுக்குள் அவர் வராவிட்டால், படம் எடுத்து இணையதளத்தில் ஏற்றிவிட்டு வேலையைத் தொடரலாம் என்றும் சேருங்கள். இல்லையென்றால் பழைய இழுத்தடிப்பே வேறு பெயரில் வந்துவிடும்.

அப்புறம், அனுமதிக் கடிதத்தோடு தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். ரிங் எப்படி மடக்க வேண்டும், கவர் பிளாக் எங்கே வேண்டும், மழைநீர்த் தொட்டி எப்படி இருக்க வேண்டும் என்று படத்தோடு இருக்கட்டும். அந்தத் தாளைக் காட்டி மேஸ்திரியிடம் நாங்களே பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சென்னைப் புறநகரில் வீடு கட்டவிருக்கும் ஒரு மனை உரிமையாளர்