வாலாஜா ரோட்டைக் குறை சொல்லாதே, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

சீசன் டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று அக்கா சொன்னாள். "ஊர் ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம், இதெல்லாம் ஒரு ஸ்டேஷனா மாமா?" என்று நீ கேட்டிருந்ததையும் பார்த்தேன். தினமும் ஆட்டோவுக்குக் காசு அழுகிறவன் கோபம், நியாயம்தான். ஆனாலும் கொஞ்சம் கேள்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. அதன் ஒரு முனை சென்னை ராயபுரம். மறுமுனை, வாலாஜாபேட்டை ஊருக்கான ஸ்டேஷன் என்று நீ அலுத்துக்கொள்ளும் இதே வாலாஜா ரோடு! பம்பாய்–தாணே ரயில் ஓடத் தொடங்கி அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனே 1873இல்தான் வந்தது. பாதையைப் போட்டது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி, நீளம் சுமார் 100 கிலோமீட்டர். பெட்டிகள் சிம்ப்சன் கம்பெனியில் செய்தவை. பழைய எழுத்துகளில் இந்த முனையை ஆற்காடு என்றே சொல்வார்கள். ஆற்காடோ பாலாற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. ஊருக்குள் வராத ஸ்டேஷன் என்ற குறை அன்றைக்கே இருந்திருக்கும் போல!

ரயில் வந்தால் ஊர் செழிக்கும் என்போம். வாலாஜாபேட்டையில் நடந்தது வேறு. நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்த ஊர், மலைக்கணவாய்க்கு மேலே இருக்கும் மைசூர்ப் பக்கத்துக்கும் சென்னைக் கடற்கரைக்கும் நடுவே பெரிய வியாபாரச் சந்தி. வண்டி மாடு கட்டிச் சரக்கு கொண்டுவந்தவர்கள் இங்கே இறக்கியாக வேண்டும், விற்க வேண்டும், தங்க வேண்டும். ரயில் இங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. பாதை காட்பாடி, ஜோலார்பேட்டை என்று நீண்டு, 1860களின் தொடக்கத்தில் மேற்குக் கடற்கரை பேப்பூரைத் தொட்டுவிட்டது. சரக்குக்கு இங்கே இறங்க என்ன அவசியம்? ஊரின் வியாபாரம் படுத்தது. ஸ்டேஷன் தள்ளி இருப்பதால் உனக்குப் போவது ஆட்டோ காசு. அந்தக் காலத்து மண்டிக்காரருக்குப் போனது பிழைப்பு.

சரி, ஒரு யோசனை. எப்போதும் சென்ட்ரல் வண்டிக்கே அடித்துப் பிடித்து ஓடாதே. ஒரு நாள் சென்னை பீச் ஸ்டேஷன் போகும் மெமு மின்சார ரயிலில் ஏறு. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகத்தான் அது போகும். அன்றைய முதல் பாதையின் இரண்டு முனையையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். ராயபுரத்தின் அந்தப் பழைய தூண் வைத்த கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆபீசுக்கு லேட்டானால் மட்டும் என் பெயரைச் சொல்லாதே.

அன்புடன்,
மாமா