அனுபவம்தான் சம்பளமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்வி மலரில், பூங்காக்களையும் தோட்டங்களையும் திட்டமிட்டு வரையும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் செய்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பணத்தை எதிர்பார்க்கக் கூடாது, கிடைக்கிற அனுபவம்தான் அவர்களுக்குச் சம்பளம் என்று அதில் ஒரு வரி வருகிறது. நீங்களும் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள். பல வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் என்பதால் எனக்கு அது இன்னும் வருத்தமாக இருந்தது.

நான் கேளம்பாக்கம் பக்கம் நர்சரி வைத்திருக்கிறேன். மகள் கட்டடக்கலையில் பி.ஆர்க். படிக்கிறாள். செடிகளுக்கு நடுவே வளர்ந்தவள், முதுகலையில் லேண்ட்ஸ்கேப் எடுக்க வேண்டும் என்று ஆசை. போன கோடையில் சென்னையில் ஓர் அலுவலகத்தில் இன்டர்னாகச் சேர்ந்தாள். லேப்டாப் அவளுடையது, பஸ் செலவு எங்களுடையது, மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து. விடுமுறை முழுக்க உழைத்தவளுக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள்கூட சைட்டுக்குக் கூட்டிப் போகவில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையில் போனால் இரவு எட்டு, ஒன்பது மணி வரை கம்ப்யூட்டரில் மரப் படங்களை வெட்டி ஒட்டி, கிளையன்டிடம் காட்டுவதற்கு நிழலும் வண்ணமும் போட்டுக்கொண்டிருந்தாள்.

நடுவில் பழைய திட்டம் ஒன்றின் செடிப் பட்டியலைக் கொடுத்து, எண்ணிக்கையை மட்டும் மாற்றிப் புதுத் திட்டத்துக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அதில் மதில் ஓரமாக வரிசையாக கோனோகார்பஸ். குஜராத் அரசு 2023இல் தடை செய்த மரம் அது. 2025இல் நம் அரசும் தடை போட்டுவிட்டது. இவள் அதைச் சொன்னதற்கு, பட்டியலில் இருப்பதைப் போடு என்றார்களாம். "அங்கே என்ன மண்ணுன்னு கேட்டேன்ப்பா, யாருக்கும் தெரியலை" என்று வந்து சொன்னாள்.

மண் தெரியாமல் இந்த வேலையில் என்ன அனுபவம் இருக்கிறது, ஐயா? பள்ளிக்கரணையை ஒட்டிய களிமண்ணில் மழைத் தண்ணீர் லேசில் இறங்காது. கடலோர ஈ.சி.ஆர். மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்கவே நிற்காது, உப்புக் காற்று வேறு. அங்கே புன்னையும் பூவரசும் தாங்கும், வேறு பல மரங்கள் கருகிவிடும். ஆந்திராவில் கடியத்திலிருந்து லாரியில் வருகிற பத்தடி மரத்தின் பையைக் கிழித்துப் பார்த்தால், சிலவற்றில் வேர் வட்டமாகச் சுற்றிக் கிடக்கும். அதை வெட்டிச் சரிசெய்யாமல் குழியில் இறக்கினால், மேலே இலை தழைக்கும், கீழே வேர் மண்ணைப் பிடிக்காது. பெருங்காற்று வந்தால் சாய்ந்துவிடும். இதைத் தொட்டுக் காட்டிச் சொல்லித்தர ஒரு மேஸ்திரிக்கு அரை மணி நேரம் போதும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தபோது நீங்கள் காற்றின் வேகத்தைப் பற்றி மட்டும் எழுதினீர்கள். வேர் ஓட இடமில்லாமல் அடிமரம் வரை சிமெண்ட் பூசியதைப் பற்றி அன்றே உங்களுக்குக் கடிதம் போட்டேன். அது வரவில்லை. பூங்கா திறந்தால் ரிப்பன் வெட்டும் படம் வருகிறது. வரைந்தவர் யார், வெயிலில் நின்று நட்டவர்கள் யார் என்று ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

அடையாற்றில் 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா உங்களுக்குத் தெரியாததல்ல. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர். ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவினர் திட்டம் போட்டு, இந்தக் கரைக்கே உரிய மரங்களைக் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு வேலை நடக்கும்போது கூடவே ஒரு மாதம் இருந்த மாணவர் அனுபவம் பெற்றார் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். அவருக்கும் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும். என் நர்சரியில் பை நிரப்பும் பெண்களிடம், செடி வளர்க்கக் கற்றுக்கொள்கிறீர்களே, அதுதான் கூலி என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

பி.ஆர்க். படிப்பில் ஒரு பருவம் அலுவலகப் பயிற்சி கட்டாயம், அதற்குக் கல்லூரி கணக்குக் கேட்கும். கோடை இன்டர்ன்ஷிப்பைக் கேட்க ஆளில்லை. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவு செய்த பயிற்சியாளருக்கு உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். இந்தப் பிள்ளைகளை யார் அப்படிப் பதிவு செய்கிறார்கள்? சான்றிதழ் கைக்கு வர வேண்டுமே என்று வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். என்னிடம் செடி விலை கேட்டு வந்த ஒரு பையன் தென்காசிக்காரன். பகலில் அலுவலகம், ராத்திரியில் ஹாஸ்டல் வாடகைக்காக சாப்பாடு டெலிவரி. இப்படி இருந்தால் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் இந்தத் துறைக்கு வர முடியும். உங்கள் கட்டுரையாளர் அப்படி ஒரு பையனிடம் பேசிவிட்டு அந்த வரியை எழுதியிருக்கலாம்.

உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருடம் பயிற்சி தரும் அலுவலகங்களின் பட்டியலைப் போடும்போது, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மாதம் எவ்வளவு தருவார்கள், சைட்டுக்கு அனுப்புவார்களா என்ற இரண்டையும் கேட்டுப் போடுங்கள். பதில் சொல்லாதவர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். பிள்ளைகள் மார்ச்சிலேயே விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள், அதனால் பிப்ரவரிக்குள் வந்தால் உதவியாக இருக்கும். மகள் இனி இந்தத் துறையில்தான் வேலை தேட வேண்டும் என்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
நர்சரி உரிமையாளர்,
கேளம்பாக்கம்.