மூச்சை அளப்பவர்களுக்கு: கல்லூரி யோகா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, உடற்கல்வி இயக்குநர்களே,

மாணவர்களை ஸ்பைரோமீட்டரில் (ஊதும் காற்றின் அளவைக் காட்டும் கருவி) ஊதச் சொல்லி, 12 வாரம் பிராணாயாமம் பழக்கி, மறுபடியும் ஊதச் சொல்கிறீர்கள். எண் கூடியிருந்தால் 'நுரையீரல் பெரிதாகிவிட்டது' என்று அறிவித்துவிட வேண்டாம்.

இருபதுகளின் தொடக்கத்தில் நுரையீரல் தன் உச்ச அளவை எட்டிவிடுகிறது. யோகா அதை வளர்ப்பதில்லை. உதரவிதானமும் விலா இடைத் தசைகளும் வலுவாகி, மார்புக்கூடு இளகி, இருக்கிற இடத்தை நன்றாக நிரப்பவும் காலி செய்யவும் உடல் பழகுகிறது. நல்ல பலன்தான். ஆனால் ஆரோக்கியமான இளைஞரிடம் அது சிறிய அளவிலேயே தெரியும். அளப்பதில் நேரும் பிழை அதை எளிதில் விழுங்கிவிடும்.

கருவியை அன்றன்று 3 லிட்டர் காற்று பிடிக்கும் சிரிஞ்சால் சரிபாருங்கள்; 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் அன்று அளக்காதீர்கள். மாணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய இழுத்து, தயங்காமல் வெடிப்பாக ஊதி, இனி வராது என்னும்வரை தொடர வேண்டும். உதடு விலகினாலோ, நாக்கு குழாயை அடைத்தாலோ, முதல் நொடியில் இருமினாலோ அந்த ஊதல் கணக்கில் சேராது. சரியான மூன்று ஊதல்கள் வேண்டும். அவற்றில் பெரிய இரண்டும் 150 மில்லிக்குள் ஒத்துப்போக வேண்டும். எட்டு முறைக்கு மேல் ஊத வைக்காதீர்கள், களைத்துவிடுவார்கள்.

பெரும்பாலும் ஏமாற்றுவது வேறொன்று. முதல் நாள் ஊதத் தெரியாதவர் 12 வாரத்தில் ஊதக் கற்றுக்கொள்கிறார். அந்த உயர்வு யோகாவின் கணக்கில் ஏறிவிடுகிறது. எனவே முதல் அளவீட்டுக்கு முன்பே ஒரு நாள் ஊதப் பழக்குங்கள். யோகா செய்யாத ஒரு குழுவையும் அதே நாள்களில் அளந்து வையுங்கள். அதிகாலையில் அளவு குறைவாகவே வரும் என்பதால் இரண்டு முறையும் ஒரே மணி, ஒரே கருவி. மூச்சடக்கும் நேரம் கூடுவது கரியமில வாயுவைத் தாங்கும் பழக்கத்தைத்தான் முக்கியமாகக் காட்டுகிறது, கொள்ளளவை அல்ல.

பயிற்சியை மெதுமூச்சில் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 12 முறை 500 மில்லி இழுத்தாலும், 6 முறை 1000 மில்லி இழுத்தாலும் மொத்தம் 6 லிட்டர்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே காற்றறைகளுக்குச் சேர்வது முதல் வகையில் 4.2 லிட்டர், இரண்டாவதில் 5.1 லிட்டர். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். இழுக்க 16, அடக்க 64, விட 32 எனத் திருமந்திரம் சொல்லும் மாத்திரைக் (கால அளவு) கணக்கைப் புதியவர்கள்மேல் சுமத்தாதீர்கள். முதல் வாரங்களில் கும்பகமே (மூச்சை அடக்குவது) வேண்டாம். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடட்டும்.

வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதியில் கூடுதல் கவனம் தேவை. தலைசுற்றலும் விரல் மரத்துப்போவதும் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்ததன் அறிகுறி. உடனே நிறுத்தி இயல்பாக மூச்சுவிடச் சொல்லுங்கள். குடலிறக்கம், வலிப்பு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது வேண்டாம். உயரமான, ஒல்லியான இளைஞர்களுக்கு நுரையீரலில் தானாகவே ஓட்டை விழுந்து காற்று கசியும் வாய்ப்பு அதிகம். கபாலபாதியின்போது ஓர் இளம்பெண்ணுக்கு இப்படி நேர்ந்தது 2004-இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியுள்ளது. பயிற்சியின்போது ஒருபக்க நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் திடீரென வந்தால், ஓய்வெடுக்கச் சொல்லிக் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்கள். ஆஸ்துமா உள்ள மாணவரிடம் இன்ஹேலரை நிறுத்தச் சொல்லாதீர்கள். பயிற்சி நேரத்தில் அது அவர் பையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நுரையீரல் செயல்திறன் பரிசோதனையில் பணிபுரிவோர்